ஒரு கோட்டின் தடிமன்

செய்தி வந்தபோது நான் காரவள்ளியில், அடிவாரத்து டீக்கடை பெஞ்சில், மேலே போகும் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். மடியில் நாமக்கல்லில் வாங்கிய கத்தரி நாற்று. இந்த நாற்றை மட்டும் மலையில் ஊன்றிவிட்டால் போதும், காய்க்கிற காய்ப்பில் கொல்லிமலையே ஒரு பக்கம் சாய்ந்துவிடும், அரசாங்கம் முட்டுக்கொடுக்க ஆள் அனுப்பவேண்டி வரும் என்று டீக்கடைக்காரரிடம் அளந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. கீழ்க்காட்டுப் பொன்னாயி. குச்சிக்கிழங்கும் சாமையும் போடுகிற விவசாயி. அவள் வழக்கமாகப் பேசினால் போன் என்ற கருவியே தேவைப்படாது, மலை உச்சியிலிருந்து நேராகவே காதில் விழும். அன்றைக்குக் குரல் அடங்கியிருந்தது.

“மாமா, கிருபாம்மா போய்ட்டாங்க.”

“எப்பக் கெளம்புனாங்க? ஓசூருக்கா, மக ஊட்டுக்கா? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக்கூடாதா அந்தம்மா? நான் அடிவாரத்துலதான உக்காந்திருக்கேன், பஸ்ஸை நிறுத்தி ஒரு டீயாவது வாங்கிக் குடுத்திருப்பேன்.”

பொன்னாயி குரலை இன்னும் தாழ்த்தினாள்.

“சாமி, அந்தப் போக்கு இல்லீங்க.”

அவ்வளவுதான். நாற்றை பெஞ்சிலேயே வைத்துவிட்டு பஸ் ஏறினேன் என்பது பாதி மலை ஏறிய பிறகுதான் தெரிந்தது. காரவள்ளியிலிருந்து மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுகள் என்று அரசாங்கம் பலகை வைத்திருக்கிறது. டிரைவராகப் பணியில் இருந்த காலமெல்லாம் அந்த எழுபதும் என் ஜீப்பைக் கண்டால் எழுந்து நின்று வணக்கம் வைக்கும் என்று நான் சொல்லித் திரிந்தவன். அன்றைக்கு ஒரு வளைவும் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

நம் ஓய்வூதியர் சங்கத்து மலரில் இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு தேவகிருபை என்ற பெயர் சட்டென்று பிடிபடாது. “பிளான் மேடம்” என்றால் தெரியும். மாவட்ட அலுவலகத்தில் மனைப்பிரிவு வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலை. கழுத்தில் சின்னச் சிலுவை, கைப்பையில் எப்போதும் ஓர் அளவுகோல், வாயில் திருச்சிப் பக்கத்துப் பேச்சு. தூக்கத்திலேயே போயிருக்கிறார். ஆம்புலன்ஸ் சுற்றுவழியில் வந்து தாமதமாகிவிட்டது என்று எழுதினால் நான் சொல்லப்போகும் கதைக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் அது பொய். ஆம்புலன்ஸ் நேரத்துக்கு வந்தது. எந்த வண்டியும் எதுவும் செய்வதற்கில்லாத விதத்தில் அவர் போயிருந்தார். மற்ற எல்லாவற்றையும் நான் ஊதிப் பெரிதாக்குவேன், உங்களுக்குத் தெரியும். இதை ஊத மாட்டேன்.

அவர் முதன்முதலில் மலைக்கு வந்த நாளை நினைக்கிறேன். கடைவீதிக்குப் பக்கத்தில் யாரோ மனை போட்டிருக்கிறார்கள், இடத்தைப் பார்க்க மாவட்டத்திலிருந்து அம்மா வருகிறார், ஒன்றிய அலுவலக ஜீப்பை எடுத்துக்கொண்டு போ என்றார்கள். பஸ்ஸிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கோடு ஒட்டவைத்தபடி இறங்கினார். வளைவுகள் அவரைப் பிழிந்திருந்தன. என்னைப் பார்த்ததும், “நீங்கதான் பைலட்டா?” என்றார். அன்றிலிருந்து கடைசிவரை, ஊரே மாமா என்று கூப்பிடும் எனக்கு, அவரிடம் மட்டும் பைலட் என்றுதான் பெயர்.

மனைப்பிரிவுக்குள் ஒரே ஒரு தெரு. இரண்டு பக்கமும் கல் நட்ட மனைகள், கடைசியில் சுவர். “பைலட், உள்ள போனா வண்டி திருப்ப எடம் இருக்கா?” என்று கேட்டார். “மேடம், நான் தீப்பெட்டிக்குள்ள லாரியைத் திருப்புனவனுங்க” என்று சொல்லி உள்ளே விட்டேன். திருப்ப இடமில்லை. தீப்பெட்டிகூடக் கொஞ்சம் தாராளமாக இருந்திருக்கும். தெரு முழுவதையும் பின்னோக்கியே ஓட்டி வந்தேன். ஒரு நாய் குரைத்துக்கொண்டே முன்னால் வர, ஓர் ஆடு பின்னால் நின்று வழிவிட மறுக்க, கல் நட்டுக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மேடம் இறங்கி ஜீப்புக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தார்.

“உங்களுக்காவது ரிவர்ஸ் கியர் இருக்கு பைலட்” என்றார். “ஊருக்குக் கெடையாது.”

அப்போது அதைச் சும்மா ஒரு பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு முறை அவரைச் சேலத்துக்குக் கூட்டிப்போனேன். அலுவலகக் கூட்டம் முடிந்த பிறகு, பழைய கடைவீதிப் பக்கம் இறக்கிவிடச் சொன்னார். “நீங்களும் வாங்க” என்றார். ஒரு கடையில் டீ குடித்துவிட்டு நடந்ததில், கூட்டத்தில் அவரை விட்டுவிட்டு நான் வழி தவறிவிட்டேன். வெள்ளிப்பட்டறைச் சந்து, அதிலிருந்து பூக்கடைச் சந்து, அதிலிருந்து பெயர் தெரியாத ஏதோ ஒரு சந்து. இனி என் பேரன்கள்தான் வந்து என்னை மீட்பார்கள் என்று முடிவுகட்டி நிமிர்ந்தால், எதிரே முதலில் டீ குடித்த அதே கடை. மேடம் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். “இங்க தொலையவே முடியாது பைலட். எப்படிப் போனாலும் ஒரு திருப்பம் கிடைக்கும். திருப்பத்துக்கு ஒரு கடை, கடைக்கு ஒரு ஆள்.”

அன்று மத்தியானம் அவருடைய சின்னம்மா மகள் வீட்டில் சாப்பாடு. ஊருக்கு வெளியே, புதிதாக முளைத்த மனைகளில் வீடு. நாங்கள் பக்கத்து மனைப்பிரிவுக்குள் தவறுதலாக நுழைந்துவிட்டோம். சுவருக்கு அந்தப் பக்கம் மொட்டைமாடியில் நின்று அந்த அம்மா கைகாட்டுகிறார். கறிக்குழம்பின் வாசனை சுவரைத் தாண்டி எங்களிடம் வந்துவிட்டது, குழம்பு வரவில்லை. வெளியே போய், பெரிய ரோட்டில் ஏறி, எங்கோ தூரத்தில் இருக்கிற இடைவெளியில் திரும்பி, மறுபடி வந்து, இன்னொரு நகரின் வாசல் வளைவுக்குள் நுழைந்து போய்ச் சேர்வதற்குள் எனக்கு நரை விழுந்துவிட்டது. அந்த ரோட்டில் ஒரே நெரிசல். அத்தனை பேரும் எங்களைப்போலப் பக்கத்து வீட்டுக்குப் போகிறவர்கள்தான்.

ஜீப்பில் வரும்போது சொன்னார். “பழைய ஊரு மீன்வலை மாதிரி. ஒரு முடிச்சு அறுந்தாலும் இன்னொரு பக்கம் போயிடலாம். இப்பப் போடறதெல்லாம் சீப்பு. எல்லாப் பல்லும் ஒரே தண்டுல. ஒரு பல்லு பக்கத்துப் பல்லோட பேசணும்னா தண்டுக்குத்தான் வரணும். தண்டு நெரியுதுன்னு அதை அகலப்படுத்துவாங்க. அகலமானதும் இன்னும் தள்ளிப்போய் இன்னொரு சீப்பு போடுவாங்க. ஊரு இப்படித்தான் பரவுது.”

“அதுக்கென்னங்க மேடம், வேண்டாம்னா இடிச்சுப்போட்டு மாத்திக்கலாம்.”

“வீட்டை இடிச்சுக் கட்டலாம். கடையை மாத்தலாம், பேரை மாத்தலாம். தெருவை ஒரு தடவை போட்டா போட்டதுதான் பைலட். நம்ம பேரப்பிள்ளைங்களும் அதே சுவத்துலதான் போய் முட்டும்.”

வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். யார் மீது கோபம் என்று எனக்குப் புரியவில்லை.

எங்கள் கடைவீதியும் சும்மா இருக்கவில்லை. மலைமேல் ஊர் எங்கே வளரப்போகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தபோதே வளர்ந்துவிட்டது. மிளகுக்கொடி ஏறியிருந்த மரங்களுக்கிடையில் கலர்க் கொடி நட்ட மனைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல் வளைவு, வளைவில் ஒரு பெயர். மேகராணி நகர் அவற்றில் ஒன்று. பெயரைக் கேட்டால் வாசலிலேயே மேகங்கள் வரிசையில் நின்று பல்லக்கு தூக்கும் என்று தோன்றும். உள்ளே அதே ஒற்றைத் தெரு. ஆனால் அந்தத் தெருவுக்கு மேடமே இடத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்திருந்தார்: தெரு கிழக்கு எல்லைவரை போகவேண்டும், பிற்காலத்தில் அதற்கு அப்பால் உள்ள நிலம் மனையாகப் பிரியும்போது இந்தத் தெரு அதோடு சேரவேண்டும். கிழக்கே கீழ்க்காடு. பொன்னாயியின் ஊர். அந்த ஊர்க்காரர்கள் காலங்காலமாக நடந்து கடைவீதிக்கு வந்த தடம் அந்தத் தெருவின் மேலேயே வருகிறது. அதனால்தான் ஓய்வுபெற்றதும் அங்கேயே ஒரு மனை வாங்கினார். “தெரு பேசுற ஊர்ல இருக்கணும் பைலட்” என்றார்.

வீடு கட்டி அவர் குடிவந்தபோது தெருவின் கடைசியில் சுவர் எழும்பியிருந்தது.

மனை போட்டவர் கீழே சமவெளிக்காரர். கெட்டிக்காரர். தெருவை எல்லைவரை விட்டதாகக் காட்டியிருந்தார், ஆனால் எல்லைக்கு ஓர் அடி முன்னால் நிறுத்தியிருந்தார். அந்த ஓர் அடி அகல நிலம் மட்டும் அவர் பெயரில். பின்னால் கீழ்க்காட்டில் யாராவது மனை போட்டால், இந்தத் தெருவோடு சேர அவரிடம்தான் வந்து நிற்கவேண்டும். அதுவரை அங்கே சுவர். ஒரு அடி நிலத்தில் என்ன விளையும்? கத்தரிச்செடிகூட வைக்க முடியாது. ஆனால் ஒரு ஊரை நிறுத்தி வைக்க அது போதும்.

மேடம் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு, தன்னிடம் இருந்த வரைபடத்தின் நகலை விரித்துக் காட்டினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு விரலால் எல்லைக்கோட்டைத் தொட்டார்.

“இந்தக் கோட்டைப் பாருங்க. இதுல தெரு எங்க நிக்குது?”

“கோட்டுலதாங்க.”

“கோட்டுக்கு இந்த ஓரத்துலயா, அந்த ஓரத்துலயா?”

என் கண்களின் கூர்மை உலகறிந்தது. கழுகுகள் என்னிடம் சந்தேகம் கேட்க வரும். நானும் குனிந்து, நிமிர்ந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

“தெரியாது. இந்த அளவுல நிலத்துல ஒரு அடிங்கறது காகிதத்துல கோட்டோட தடிமன்தான். நான் எல்லைவரைன்னு எழுதினேன். அந்த ஆளு கோட்டுக்குள்ளயே நிலத்தை ஒளிச்சுட்டான். அந்தச் சுவரு என் பேனா முனை அளவுதான் பைலட்.”

அன்றைக்கு அவர் காப்பி கொடுக்க மறந்துவிட்டார். நானும் கேட்கவில்லை. நான் காப்பி கேட்காமல் ஒரு வீட்டிலிருந்து வெளியே வந்தேன் என்பதை என் மனைவி இன்றுவரை நம்பவில்லை.

பொன்னாயி வந்தது அதற்கப்புறம். தலையில் கிழங்கு மூட்டையோடு பெரிய ரோட்டைச் சுற்றி, கிழங்கு லாரிகளுக்கும் சுற்றுலா வேன்களுக்கும் ஒதுங்கி ஒதுங்கி, மேகராணி நகர் வளைவு வழியாக வந்து, மேடத்தின் வாசலில் மூட்டையைத் தொப்பென்று போட்டாள்.

“ஏனுங், இங்க பிளான் போட்ட மேடம் ஊடு இதுங்களா?”

“ஆமாம்மா, நான்தான்.”

“நல்லா இருங்க. உங்க தலைமாட்டுல சத்தம் போட்டாக் கேக்கற தூரத்துல எங்கூடு. உங்களைப் பாக்க நான் பாதி மலையைச் சுத்தி வாரேன். எங்க தடத்தையே முழுங்கிப்போட்டு ஏப்பம் விடற மாதிரி ஒரு கோடு போட்டிருக்கீங்களே, எந்தப் பள்ளிக்கூடத்துலங்க சொல்லிக் குடுத்தாங்க?”

நான் குறுக்கே புகுந்து, மேடம் யார், அவர் பெருமை என்ன என்று ஆரம்பித்தேன். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அவங்க கேக்கறது சரி பைலட். உக்காரும்மா. தடத்துக்கு உங்ககிட்ட என்ன ஆதாரம் இருக்கு?”

“ஆதாரமா? இந்தாங்க.” பொன்னாயி காலைத் தூக்கிக் காட்டினாள். வெடித்த பாதம். “எங்க அம்மாயி காலு, எங்கம்மா காலு, என்ற காலு. நடந்து நடந்துதான் அது தடமாச்சு.”

கீழ்க்காட்டுக்காரர்கள் ஏற்கெனவே மனு கொடுத்திருந்தார்கள். வரைபடத்தில் அப்படி ஒரு தடம் இல்லை என்று பதில் வந்திருந்தது. நம் பக்கத்துக் கிரயப் பத்திரங்களில் “மாமூல் தடப் பாத்தியம்” என்று எழுதுவார்களே, காலங்காலமாக நடந்து வந்த வழியில் நடக்கும் உரிமை, அந்த வார்த்தை அவர்களிடம் எந்தக் காகிதத்திலும் இல்லை. மேடத்திடம் மனை இருந்தது. தெரு எல்லைவரை போகவேண்டும் என்று கேட்கிற உரிமை அந்த நகரில் மனை வைத்திருப்பவருக்கு உண்டு. அந்த நகரிலேயே அப்படிக் கேட்கத் துணிந்தவர் அவர் ஒருவர்தான். அன்றிலிருந்து திங்கட்கிழமைகளில் எழுபது வளைவும் இறங்கி, கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு நின்றார். எலுமிச்சம்பழத்தோடுதான். அத்தனை வருஷம் மலையில் இருந்தும் அந்த வளைவுகள் அவர் வயிற்றோடு சமாதானம் ஆகவே இல்லை.

நகர்ச் சங்கத்தின் செயலாளர் கோகுலநாதன் சார் இதை எதிர்த்தார். அவரை வில்லனாக்கி எழுத என் கை துடிக்கிறது. மீசைகூட இருக்கிறது அவருக்கு. ஆனால் ஒருநாள் சாயங்காலம் மேடத்தின் வாசலில் நின்று அவர் சொன்னதை நானும் கேட்டேன்.

“மேடம், எனக்குக் கீழ்க்காட்டுக்காரங்க மேல ஒரு வருத்தமும் இல்லைங்க. என் சம்சாரத்துக்கு ஞாபகம் தவறிப்போச்சு. எந்திரிச்சுப் போயிருவா. இப்ப ஒரே வாசல், ஒரு வாட்ச்மேன். நீங்க இன்னொரு வாசலைத் தொறந்துட்டா நான் எந்தப் பக்கம்னு ஓடுவேன்?”

மேடம் கிழக்குச் சுவரைக் கைகாட்டினார்.

“சார், இந்த வாசல் வழியாப் போனா அவங்க பெரிய ரோட்டுக்குத்தான் போவாங்க. அங்க அவங்களை லாரிதான் பாக்கும். அந்தப் பக்கம் போனா பொன்னாயி பாத்துக்குவா. அவ வீட்டு நாய் பாக்கும். நாலு பேரு நடக்கற தடத்துல ஒருத்தர் தொலைய மாட்டாங்க சார்.”

“அது உங்க நம்பிக்கைங்க. எனக்குப் பயம்.”

அவர் போன பிறகு மேடம் வெகுநேரம் அங்கேயே நின்றார். “அவர் சொல்றதும் சரிதான் பைலட், அதுதான் கஷ்டம்” என்றார். ஆனாலும் அடுத்த திங்கட்கிழமை போனார்.

அடக்கம் நடந்த நாளைச் சொல்லவேண்டும்.

கல்லறைத் தோட்டம் கீழ்க்காட்டு மேட்டில் இருக்கிறது. மேடத்தின் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் சிலுவைகள் தெரியும். பெட்டியை வண்டியில் ஏற்றி, நகர் வளைவு வழியாக வெளியே போய், பெரிய ரோட்டில் திரும்பி, கடைவீதியில் நெரிந்து, சுற்றுலா வேன்காரர்கள் ஹாரன் அடிக்க, அவர் வாழ்நாள் முழுவதும் திட்டிய அத்தனை சுற்றையும் சுற்றி, வீட்டுக்குப் பின்பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தோம். மேட்டுக்குக் கீழே வண்டி நின்றுவிட, அங்கிருந்து பெட்டியைச் சுமந்தது கீழ்க்காட்டு ஆட்கள். பாஸ்டர் ஜெபித்தார். மகள் ஜெமிமா மண் போட்டாள்.

முடிந்ததும் வண்டியில் ஏறச் சொன்னேன். சுமந்தவர்கள் ஏறவில்லை.

“எடுத்துட்டு வந்த வழியில திரும்ப மாட்டோமுங்க மாமா” என்றாள் பொன்னாயி. “தூக்குனவங்க செத்தவங்க ஊட்டு வாசல்ல காலைக் கழுவிட்டுத்தான் எங்கூட்டுக்குப் போகணும். போன வழியில போகக்கூடாது. எங்க வழக்கம்.”

“அவங்க வேதக்காரங்க, புள்ள. அவங்களுக்கு இதெல்லாம் கெடையாது.”

“அவிங்களுக்குக் கெடையாது. தூக்குன எங்களுக்கு உண்டுங்களே.”

“வேற வழிதான் இல்லையே!”

“அத உங்க ஊருக்காரங்ககிட்டக் கேளுங்க.”

சொல்லிவிட்டு நடந்தார்கள். கிழங்குக் காட்டுக்கிடையில், புல் மூடிப்போன பழைய தடத்தில், நேராக. நானும் ஜெமிமாவும் பின்னால். என் முழங்கால்கள் இரண்டும் தனித்தனியே ராஜினாமா கடிதம் கொடுத்தன. தடம் போய்ச் சுவரில் முட்டியது. எல்லோரும் நின்றோம். யாரும் சுவரை உடைக்கவில்லை, கத்தவில்லை. மண் படிந்த கால்களோடு நின்றார்கள், அவ்வளவுதான்.

சுவருக்கு அந்தப் பக்கம் கடைசி வீடு கோகுலநாதன் சாருடையது. அவர் மனைவி சாரதா அம்மாள் வாசலில் உட்கார்ந்து எங்கள் காலடிச் சத்தத்தைக் கேட்டிருக்கவேண்டும். குரல் கேட்டது.

“யாரு அக்கட்டால? ஏன் அங்கியே நிக்கறீங்க? உள்ள வாங்க.”

“சாரதா, அங்க வழி இல்லம்மா. நீ வா.” இது சாரின் குரல்.

“வழி இல்லாமயா இத்தனை பேரு வந்து நிக்கறாங்க?”

சார் உள்ளே போகும் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு ஏதோ உரசும் சத்தம். சுவருக்கு மேல் ஒரு அலுமினிய ஏணியின் முனை தெரிந்தது. அப்புறம் கோகுலநாதன் சாரின் முகம். அவர் ஏணியில் ஏறி நின்று எங்களைப் பார்த்தார். எங்கள் பக்கம் ஏற ஒன்றுமில்லை என்று கண்டு, இறங்கிப்போய் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர்மேல் தூக்கிக் கொடுத்தார். ஒவ்வொருவராக ஏறித் தாண்டினார்கள். ஏணியை அவரே பிடித்துக்கொண்டார். பொன்னாயி தாண்டும்போது, “பாத்து, பாத்து” என்றார். என்னைத் தாண்டவைக்க ஆறு பேர் தேவைப்பட்டார்கள் என்று பொன்னாயி ஊரெல்லாம் சொல்கிறாள். அறுபது பேர். நான் குறைத்துச் சொல்கிற ஆள் இல்லை.

மேடத்தின் வாசலில் எல்லோரும் கால் கழுவினார்கள். சாரதா அம்மாள் செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினார். “யாரு போனது?” என்று கேட்டுக்கொண்டே ஊற்றினார். ஒவ்வொரு தடவையும் ஜெமிமா, “எங்கம்மா” என்று பொறுமையாகப் பதில் சொன்னாள்.

இத்தோடு நிறுத்தினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மறுநாள் ஏணி அங்கே இல்லை. சுவர் இருந்தது. கோகுலநாதன் சார் என்னைக் கடைவீதியில் பார்த்துவிட்டு மருந்துக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஓர் அடி நிலம் அவருடையதுகூட இல்லை.

ஜெமிமா வீட்டை விற்கப்போகிறாள். “மாமா, நான் ஓசூர்ல பதினோராவது மாடியில இருக்கேன். எதிர் ஃப்ளாட்டுல யாருன்னு எனக்குத் தெரியாது. நான் எங்கேருந்து இந்த மனுவைத் தூக்கிட்டு அலைவேன்?” என்றாள். அழுதாள். வாங்க வருகிறவருக்கு இந்த வீடு பிடித்துப்போன காரணம், தெரு அமைதியாக இருக்கிறதாம், குறுக்கே யாரும் நடப்பதில்லையாம். மனு கொடுத்தவர் இறந்துவிட்டால் மனுவும் இறந்துவிடும் என்று ஆபீசில் சொன்னார்கள். கீழ்க்காட்டில் ஒரு நிலத்துக்கு இப்போதே கலர்க் கொடி நட ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார் என்று பொன்னாயி சொல்கிறாள். அங்கேயும் ஒரு தெரு போடுவார்கள், அதன் கடைசியிலும் ஓர் அடி விடுவார்கள். மேடம் இருந்திருந்தால் முதல் நாளே அளவுகோலோடு போய் நின்றிருப்பார். இப்போது போய் நிற்க யாரும் இல்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

நினைவஞ்சலி எழுதுகிறவர்கள் கடைசியில், அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது என்று ஏதாவது உயர்ந்த குணத்தைச் சொல்வார்கள். நேர்மை, எளிமை என்று. அவை எல்லாம் மேடத்திடம் ஏராளமாக இருந்தன. என் உடம்புக்கு அவை ஒத்துக்கொள்ளாது. அவர் சொத்தில் எனக்குப் பங்கு கிடையாது. அவருடைய தகராறை மட்டும் முழுசாக எடுத்துக்கொண்டேன்.

போன திங்கட்கிழமை பொன்னாயியையும் கூட்டிக்கொண்டு கீழே போனேன். அதிகாரி இளம் வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார்.

“அய்யா, அந்த நகர்ல உங்களுக்கு மனை இருக்குங்களா?”

“இல்லீங்க.”

“கீழ்க்காட்டுல நிலம்?”

“இல்லீங்க.”

“அப்ப எந்தப் பாத்தியத்துல நீங்க மனு குடுக்கறீங்க?”

கொல்லிமலையே என் பாட்டன் சொத்து, அரசாங்கத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.

“அந்தத் தடத்துல நடந்திருக்கேனுங்க” என்றேன். “ஒரே ஒரு தடவை. மேடத்தை அடக்கம் பண்ணிட்டு.”

அவர் பேனாவைத் திறந்து, எழுதாமல், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.